யோசப்பின் அக்காவின் நிறம்

குருநகர்
8 யூன் 2024

கோபிகா,

நேற்றுப் போனை யார் முதலில் வைத்தது என்று நான் வழக்குப் பேசவில்லை. நீ உரத்துக் கதைத்தாய், நானும் உரத்துக் கதைத்தேன், பிறகு சத்தம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எப்படியும் இந்த மூன்று படங்களும் பஸ்ஸில்தான் உன்னிடம் வரவேண்டும். நிறத்தைப் போனில் பார்க்கவும் இயலாது, சொல்லி விளங்கப்படுத்தவும் இயலாது. கூட ஒரு கடிதம் வந்தால் கொண்டக்டர் கிறிஸ்ரோபருக்குப் பாரம் கூடிவிடாது.

பிறின்ரர் விற்கிற கொழும்புத் தேவராசா சொன்னபடி செய்திருக்கிறார். நாங்கள் வாங்க யோசிக்கும் மூன்று பிறின்ரரிலும் யோசப்பின் அக்காவின் ஒரே படத்தை ஒரே அளவில் அடித்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருக்கிறார். ஒன்று, உனக்குப் பிடித்த சாய மைப் பிறின்ரர். இரண்டும் மூன்றும் நிறத்தூள் கலந்த பிக்மென்ற் மை. மூன்றாவது சுருள் தாளும் எடுக்கும், ஆனால் அதை வைக்க உன் ஸ்ரூடியோவில் ஒரு சுவரை இடிக்கவேண்டும்.

மூன்றும் வெளுத்துப் போயிருக்கின்றன. நான் கோபத்தில் சொல்லவில்லை. யோசப்பின் அக்கா முப்பது வருடமாக எங்கள் கடற்கரையில் வெயிலில் நின்று மீன் விற்கிறவ. இந்தப் படங்களில் இருக்கிறவ வங்கியில் காற்றாடிக்குக் கீழே இருந்து எழும்பி வந்த ஆள். முகம் அதே முகம், பல்லும் அதே பல்லு, ஆள் வேறு.

எட்டு வருடமாக நான் படம் எடுக்கிறேன், நீ நிறம் திருத்தி அடிப்பிக்கிறாய், சனம் உன்னிடம் வந்து வாங்கிக்கொண்டு போகிறது. கலியாணப் பொம்பிளைகளை நீ கொஞ்சம் வெளுப்பாக்குவாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கண்டும் காணாமல் இருந்தேன். ஆனால் இது கலியாணம் இல்லை. யூலை 25, யாகப்பர் பெருநாளன்று பங்கு மண்டபத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் இருபத்திரண்டு பேரின் முகத்தையும் ஒரு முழ உயரத்தில் மாட்டப்போகிறேன். என் முதல் கண்காட்சி. முடிந்ததும் அவரவர் படத்தை அவரவருக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நாள்தோறும் பார்க்கிற முகங்கள், பிழை விட்டால் ஊர் முழுக்கச் சொல்லும்.

தேவராசா எங்கள் முடிவுக்கு யூலை பத்தாம் திகதிவரைதான் பொறுப்பார். பெட்டியை உடைத்து மை ஊற்றிவிட்டால் பிறகு திருப்பி எடுக்கமாட்டார்கள். பார்த்துவிட்டு எழுது.

பிரியந்தினி


சாவகச்சேரி
11 யூன் 2024

அன்பின் பிரியந்தினிக்கு,

கோபத்திலும் "அன்பின்" என்று போட்டுத்தான் எனக்குப் பழக்கம். அதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே.

கிறிஸ்ரோபர் உறையை என் கையில் தராமல் என் மனுசன் குகதாசனின் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மனுசன் அதை ஆணிப்பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க மறந்துபோனார். நல்ல காலம், மடங்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். மூன்று படத்தையும் என் கொம்பியூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தும் பார்த்தேன். மூன்றும் இருண்டு கிடக்கின்றன. யோசப்பின் அக்காவின் கன்னத்தில் கரி பூசியது போல. நீ வெளுத்துப் போச்சு என்கிறாய். ஒரே தாளைப் பார்த்து ஒருத்தி வெளுப்பு என்றும் ஒருத்தி இருட்டு என்றும் சொன்னால் யாருக்கோ பிசகியிருக்கிறது. இங்கே ஆசுபத்திரியில் கண் கிளினிக் நடக்கிறது, வந்தால் கூட்டிக்கொண்டு போவேன்.

பகிடியை விடு. உன் அறையில் இருக்கும் நீல வெளிச்ச ரியூப்லைற்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே கோழிக்குழம்பும் வெளுத்துத்தான் தெரியும். படத்தை வெளியே கொண்டுபோய்ப் பார்.

பிறின்ரரைப் பற்றி என் முடிவு மாறவில்லை. ஒன்றாம் இலக்கம். அதுதான் மூன்றிலும் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது, அல்பத் தாளில் பளிச்சென்று வரும், கழுவாமல் துடைக்காமல் ஓடும். பிக்மென்ற் மை என்றால் கிழமைக்கு இரண்டு தரமாவது ஓடவேண்டும். சும்மா விட்டால் மை பீய்ச்சுகிற தலையில் இருக்கிற நுண்துளைகள் காய்ந்து அடைத்துவிடும், அடைப்பெடுக்க விடுகிற மையிலேயே பாதிப் புட்டி போய்விடும். எங்கள் ஆக்கள் ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வைக்கமாட்டார்கள். உங்கள் ஆக்கள் தவக்காலத்தில் வைக்கமாட்டார்கள். வருடத்தில் மூன்றரை மாதம் அந்த மெசின் என்ன செய்யும்? பட்டினி கிடக்குமா?

உன் இருபத்திரண்டு படங்களுக்காக மட்டும் பிறின்ரர் வாங்க இயலாது, பிரியந்தினி. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்காரர் வந்து பளபளப்பு எங்கே என்று கேட்டால் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெயிலில் பார்.

அன்புடன்
கோபிகா


குருநகர்
14 யூன் 2024

கோபிகா,

வெயிலில் பார்த்தேன். உன் சொல்லை மதித்து இன்னும் ஒருபடி மேலே போனேன். நேற்றுக் காலை ஆறரைக்கு மூன்று படத்தையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், யோசப்பின் அக்காவின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பாரைமீனுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தவ அப்படியே நிறுத்திவிட்டா.

"என்ன பிள்ளை, எனக்குப் பக்கத்திலை என்னைப் பிடிக்கிறாய்?"

"நிறம் சரியோ எண்டு பாக்கிறன் அக்கா."

"எந்த நிறம் சரி, என்ரையோ அதின்ரையோ?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவவின் கன்னமும் படமும் இரண்டு வீட்டு ஆட்கள். இரண்டாம் இலக்கம் மட்டும் தலைமயிரின் கறுப்பிலும் கழுத்துச் சுருக்கத்திலும் கொஞ்சம் உண்மை பேசியது. தோல் அதிலும் வெளுப்புத்தான்.

அதனால் ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்காதே. நீ திருப்பி அனுப்பியது நான் அனுப்பிய அதே மூன்று தாள்கள்தானா? நீ இருட்டு என்று பார்த்ததும் நான் வெளுப்பு என்று பார்த்ததும் ஒரே தாள் என்றால் என் மண்டைக்கு விளங்கவில்லை.

சாய மை வேண்டவே வேண்டாம். யோசப்பின் அக்காவின் வீட்டில் அவவின் மகன் கோயிலில் முதல் நன்மை வாங்கின நாள் படம் மாட்டியிருக்கிறது. ஆறு வருடப் படம். யன்னலால் கடற்காற்றும் வெயிலும் பட்டு அந்தப் பிள்ளை இப்போது முழுக்க ரோசா நிறம். அதைச் சாய மைப் பிறின்ரரில் அடித்ததென்று அடித்த ஆளே சொன்னார். இங்கே ஒரு வீட்டிலும் படத்துக்குக் கண்ணாடி போடமாட்டார்கள். நான் இருபத்திரண்டு பேருக்கும் கொடுக்கிற படம் அவர்களுக்குப் பிறகும் சுவரில் நிற்கவேண்டும்.

மெசின் பட்டினி கிடக்கும் என்று கவலைப்படாதே. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் ஆக்கள் கலியாணம் செய்வார்கள். தவக்காலத்தில் உங்கள் ஆக்கள் செய்வார்கள். மாறி மாறித் தீனி போடலாம். இதைக் கூட யோசிக்காமலா எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம்?

பிரியந்தினி


சாவகச்சேரி
19 யூன் 2024

பிரியந்தினி,

தாளை மாற்றினேனா என்று கேட்டதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பேனையைத் தொடவில்லை. மாற்றவில்லை. கள்ளத்தனம் செய்கிற அளவுக்கு எனக்கு மூளையும் இல்லை, நேரமும் இல்லை. பின்பக்கத்தில் தேவராசாவின் எழுத்தைப் பார், அவர் இரண்டை வாத்து மாதிரிப் போடுவார்.

கோபத்தில் அவருக்கே போன் எடுத்தேன். "உங்கடை மூண்டு மெசினும் இருட்டாத்தான் அடிக்குது" என்றேன். மனுசன் பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, திரையின்ரை வெளிச்சத்தை எவ்வளவிலை வைச்சிருக்கிறியள்?"

"முழுக்க. யன்னலுக்குப் பக்கத்திலை எண்டபடியால் அப்பிடி வைச்சாத்தான் தெரியும்."

அவர் அதைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு, யன்னலைச் சாத்தி, அதே படத்தைப் பார்க்கச் சொன்னார். செய்தேன். பிரியந்தினி, திரையும் தாளும் ஒன்றாகிவிட்டன. மூன்று தாளும். கரி எங்கேயும் இல்லை. பிறின்ரர்களில் ஒரு பிழையும் இல்லை, எட்டு வருடமாக விளக்கு மாதிரி எரிகிற திரையைப் பார்த்து நான்தான் கண்ணைக் கெடுத்து வைத்திருக்கிறேன். கண் கிளினிக் எனக்குத்தான் வேணும்.

ஆக என் பாதிக் குழப்பம் தீர்ந்தது. உன் பாதி தீரவில்லை. என் திரையில் இருக்கிற யோசப்பின் அக்காவும் தாளில் இருக்கிற யோசப்பின் அக்காவும் ஒரே ஆள். அப்படியென்றால் கடற்கரையில் நிற்கிற யோசப்பின் அக்கா மட்டும் ஏன் வேறு ஆள்? நீ படம் எடுத்தது மாசியில். இப்போது ஆனி. நான்கு மாத வெயிலில் கறுத்திருப்பாவோ? இதைக் குகதாசனிடம் கேட்டேன். "மீன் விக்கிறவை மாசியிலை மட்டும் குடை பிடிக்கிறவையோ?" என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு நக்கல் கூடிவிட்டது.

உண்மையாகவே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் இலக்கம் பற்றி நீ சொன்னதில் ஞாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாறி மாறித் தீனி போடுவது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியாது. ஆனால் இந்த நிறக் குழப்பம் தீராமல் நான் எந்தப் பெட்டியையும் உடைக்கமாட்டேன்.

கோபிகா


குருநகர்
22 யூன் 2024

கோபிகா,

தாளை மாற்றினாயா என்று கேட்டது பிழைதான். மன்னித்துக்கொள். வாத்து இரண்டை நானும் பார்த்தேன்.

உன் கடிதம் வந்தபிறகு என் கமராவில் யோசப்பின் அக்காவின் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையிலும் அவ கடற்கரை நிறத்தில்தான் இருக்கிறா. மாசி வெயிலும் ஆனி வெயிலும் அவவுக்கு ஒன்றுதான். அப்படியென்றால் கமராவில் சரி, கடற்கரையில் சரி, உன் கொம்பியூட்டரிலும் தேவராசாவின் தாளிலும் பிழை. நடுவில் என்ன நடந்தது?

இந்த உறையில் கமராவின் மெமரி கார்ட்டை வைத்திருக்கிறேன். அதிலிருந்து நேரே படத்தைத் திற, வேறெங்கும் கொப்பி பண்ணாதே. பக்கத்தில் நீ கொழும்புக்கு அனுப்பிய படத்தைத் திற. இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு நீ பார்ப்பதை எழுது. நான் ஊகித்து எழுதி இன்னுமொரு சண்டை பிடிக்க விரும்பவில்லை.

யோசப்பின் அக்கா ஒவ்வொரு நாளும் கேட்கிறா, "என்ரை படம் எப்ப பிள்ளை?" என்று. நாட்கள் ஓடுகின்றன.

பிரியந்தினி


சாவகச்சேரி
25 யூன் 2024

அன்பின் பிரியந்தினி,

பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்ரூடியோக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறேன்.

என் கொம்பியூட்டரில் "அடிக்க" என்று ஒரு போல்டர் இருக்கிறது. நீ தருகிற படங்களை அதற்குள் போட்டால் ஒரு செற்றிங் தானாகவே ஓடி, முகங்களை மட்டும் தேடிப் பிடித்து இரண்டு படி வெளுப்பாக்கும். ஆறேழு வருடத்துக்கு முன், ஒரே கிழமையில் ஒன்பது கலியாணம் வந்தபோது, கைநோவு தாங்காமல் அப்படிச் செய்து வைத்தேன். பிறகு அது அங்கே இருக்கிறதென்றே மறந்துபோனேன். திரை வேறு முழு வெளிச்சத்தில் எரிந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவேயில்லை. யோசப்பின் அக்காவின் படத்தையும் அதற்குள் போட்டுத்தான் கொழும்புக்கு அனுப்பினேன். உன் இருபத்திரண்டு பேரும் இப்போது அதற்குள்தான் இருக்கிறார்கள், வெளுத்துப் போய்.

அந்தச் செற்றிங்குக்கு நான் வைத்த பெயர் "மாப்பிள்ளை வீடு." வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படங்களுக்காகச் செய்தது என்றபடியால்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் நித்திரை வரும். அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 2012இல் எனக்குக் கலியாணம் பேசினார்கள். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் இன்னொருவரின் ஸ்ரூடியோவில் வேலை. என் படத்தை நானே எடுத்து, நானே இருந்து வெளுப்பாக்கினேன். கட்டாரில் இருந்த குகதாசன் அதைப் பார்த்துத்தான் ஓம் என்றார். அவர் வந்து இறங்கின அன்று நானும் அம்மாவும் விமான நிலையத்தில் முன்வரிசையில் நின்றோம். என்னைப் பார்த்தார். தாண்டிப் போனார். பின்னால் நின்ற யாரோ ஒரு வெள்ளைப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அம்மா "தம்பி, இஞ்சாலை" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

உனக்கு இதை நான் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறேன், மனுசனுக்குத் தூரப்பார்வை சரியில்லை என்று. அவருக்குப் பார்வை நல்லாகத்தான் இருந்தது. நல்ல மனுசன், அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடத்தில் பழகிவிட்டார், நானும் பழகிவிட்டேன். அதனால் எனக்கு ஒரு எண்ணம்: படம் கதவைத் திறந்துவிட்டால் போதும், பிறகு ஆளைப் பார்த்துச் சனம் பழகிக்கொள்ளும். எல்லோருக்கும் நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அது நல்லதா கெட்டதா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியவில்லை. பிறின்ரர் வாங்கத் தொடங்கி எங்கே வந்து நிற்கிறேன் பார்.

கோபிகா


குருநகர்
28 யூன் 2024

கோபிகா,

ஒரே ஒரு கேள்வி.

2019இல் ஜெர்மனி மாப்பிள்ளைக்கு அனுப்ப அம்மா கேட்டு, நீ எடுத்த என் படம். அதையும் அந்தப் போல்டருக்குள் போட்டாயா?

அந்தாள் மார்கழியில் நேரே வந்தார். அரைக் கோப்பைத் தேத்தண்ணி குடித்தார். நான் கமராவைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கதைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனவர் பிறகு ஒரு சொல்லும் சொல்லியனுப்பவில்லை. "நீ வாய் மூடாமல் கதைச்சனி, அதுதான்" என்று அம்மா சொன்னா, இன்றைக்கும் சொல்கிறா. நானும் அதை நம்பினேன். அதற்குப் பிறகு புது ஆட்களைக் கண்டால் கதைப்பதை நிறுத்திக்கொண்டேன். கலியாணவீடுகளில் நீ கதைப்பாய், நான் கமராவுக்குப் பின்னால் நிற்பேன். நீ கூடக் கேட்டாய், ஏன் இப்பிடி ஊமையாகிவிட்டாய் என்று.

ஐந்து வருடம், கோபிகா.

ஓம் அல்லது இல்லை என்று எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.

பிரியந்தினி


சாவகச்சேரி
9 யூலை 2024

பிரியந்தினி,

ஓம்.

வேறு ஒன்றும் எழுதவேண்டாம் என்றாய். பதினொரு நாளாக இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இனி எழுதுவதை நீ வாசிக்காமல் விட்டாலும் சரி.

வெளுப்பாக்கினேன், ஆனால் போல்டருக்குள் போடவில்லை. அதுவென்றால் மறதி என்று சொல்லித் தப்பலாம். உன் படத்துக்குக் கையாலேயே செய்தேன், ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, ஆசை ஆசையாக. உனக்கும் ஒரு கதவு திறக்கட்டும் என்று நினைத்தேன். அந்தாள் திரும்பிப் போனது நிறத்தாலா, கதையாலா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ கதைத்தது காரணமாக இருக்காது என்று எனக்கு அப்போதே ஒரு சமுசயம் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பெரிய பிழை. நீ வாய் மூடி நின்ற ஒவ்வொரு கலியாணவீட்டிலும் நான் பக்கத்தில் நின்று கதைத்திருக்கிறேன்.

நேற்று இரண்டாம் இலக்கப் பிறின்ரர் வந்து இறங்கியது. உன்னைக் கேட்காமல்தான் சொல்லியனுப்பினேன். பெட்டியை உடைத்தேன். பத்துப் புட்டி மையையும் நானே ஊற்றினேன், இரண்டு விதமான கறுப்பு, இரண்டு சாம்பல், மற்றதெல்லாம். இனித் திருப்ப இயலாது. பளபளப்புக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் படம் இந்த உறையில் இருக்கிறது. உன் மெமரி கார்ட்டிலிருந்து நேரே எடுத்து, ஒன்றும் செய்யாமல், பருத்தித் தாளில் அடித்தேன். கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார். சரியென்றால் மற்ற இருபத்தொன்றையும் கமராவில் இருக்கிறபடியே அனுப்பு. பிழையென்றால் மெசினையும் என்னையும் கடலில் தள்ளு.

கோபிகா


குருநகர்
27 யூலை 2024

கோபிகா,

யோசப்பின் அக்காவின் படம் சரியாக இருந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தபோது எங்கே தாள் முடிகிறது, எங்கே ஆள் தொடங்குகிறா என்று தேடவேண்டியிருந்தது. அதனால்தான் மற்றப் படங்களை அனுப்பினேன். கடிதம் எழுதவில்லை. எழுத வரவில்லை. நீ நாளுக்கு நான்காக அடித்து அனுப்பியதெல்லாம் வந்தது, ஒன்றில் கூடக் குறை சொல்ல இல்லை. நன்றி.

பெருநாளன்று நீ வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேண்டாம் என்றும் நினைத்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை. பூசை முடிந்து சனம் மண்டபத்துக்கு வந்தது. கொழும்பிலிருந்து வந்த இரண்டு படக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பத்து நிமிடம் நின்றார்கள். கறுப்பு இப்படி வந்து பார்த்ததில்லை என்றார்கள், என்ன பிறின்ரர் என்று கேட்டார்கள். நான் வானத்தில் நின்றேன். பிறகு யோசப்பின் அக்கா நல்ல சேலை உடுத்து, மகளோடு வந்தா. தன் படத்துக்கு முன்னால் நின்றா.

"நான்தான். ஒரு பிழையும் இல்லை," என்றா. பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, "மற்றது எங்கை பிள்ளை?"

"எது மற்றது?"

"அண்டைக்குக் கடற்கரையிலை என்ரை கன்னத்திலை பிடிச்சியே, வெளிச்சமா. வீட்டிலை மாட்ட அதைத் தா. நாளைக்கு நான் செத்தால் பெட்டிக்கு முன்னாலை அதைத்தான் வைக்கோணும்."

அது பொய்யான நிறம் அக்கா என்றேன். கொம்பியூட்டர் செய்தது என்றேன். அவ என்னை இரக்கத்தோடு பார்த்தா.

"முப்பது வரியமா இந்த மூஞ்சியை எல்லாரும் சும்மா பாக்கினம். ஒருக்கா எண்டாலும் நிழலிலை நிண்டு பாக்க எனக்கு ஆசை இராதே?"

அவ சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். இருபத்திரண்டில் பதின்மூன்று பேர் வெளிச்சப் படம் வேணும் என்கிறார்கள். ஒருத்திக்கு இரண்டும் வேணுமாம். ஒவ்வொருத்தியோடும் கத்திக் கத்திக் கதைத்தேன். ஐந்து வருடக் கதை முழுக்க அன்றைக்கு வெளியே வந்தது. கதைத்து ஒருத்தியையும் மாற்ற இயலவில்லை. நான் யாருக்காக இதைச் செய்தேன், கோபிகா? கொழும்புப் படக்காரருக்காகவா? எனக்காகவா? உன்னில் ஒரு மாதமாகக் கோபித்துக்கொண்டிருந்தேன், இப்போது யாரில் கோபிப்பதென்று தெரியவில்லை.

அவரவருக்குப் படம் தருவேன் என்று நான்தான் சொன்னேன். அவர்கள் கேட்கிற படத்தைக் கொடுக்காவிட்டால் சொன்ன சொல் என்னாவது? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். "மாப்பிள்ளை வீடு" இன்னும் இருக்கிறதா? இருந்தால் பதின்மூன்று பேரையும் அதற்குள் போட்டு அடித்து அனுப்பு. பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறேன்.

பிரியந்தினி


சாவகச்சேரி
30 யூலை 2024

அன்பின் பிரியந்தினி,

பெருநாளன்று நான் வந்தேன். பங்கு மண்டப வாசல்வரை வந்தேன். நீ யாரோடோ கை இரண்டையும் ஆட்டி ஆட்டி, தொண்டை கிழியக் கதைத்துக்கொண்டு நின்றாய். அப்படி உன்னைப் பார்த்துக் கனகாலம். உள்ளே வரத் தைரியம் வரவில்லை, திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன்.

"மாப்பிள்ளை வீடு" இல்லை. யூன் இருபத்தாறாம் திகதியே அழித்துவிட்டேன். உன் கடிதத்தை வாசித்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆறேழு வருடம் நான் கேட்காமல் போட்டதை நீ இப்போது கேட்டு வந்திருக்கிறாய், என் கையில் இல்லை.

திருப்பிச் செய்ய அரைமணித்தியாலம் போதும். அளவுகள் எனக்கு மனப்பாடம். ஆனால் செய்யமாட்டேன். அது என் முகத்துக்கு, என் பயத்துக்கு நான் போட்ட அளவு. அதை ஊர் முழுக்கப் பூசிவிட்டேன். யோசப்பின் அக்கா கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். அவ நிழலில் நிற்க ஆசைப்படுகிறா. அந்த நிழல் எவ்வளவு என்று அவதான் சொல்லவேண்டும். பதின்மூன்று பேரையும் ஒவ்வொருவராக என் பக்கத்தில் இருத்தி, திரையைக் காட்டி, "இவ்வளவு போதுமோ அக்கா, இன்னும் கொஞ்சமோ" என்று கேட்டுக் கேட்டுச் செய்வேன். போதும் என்கிற இடத்தில் நிறுத்துவேன். இது சரியா, பழைய பிழையையே மரியாதையாகச் செய்வதா என்று என்னைக் கேட்காதே. எனக்கும் உன்னைப் போலத்தான் குழம்பிக் கிடக்கிறது. ஆடி மாதம், எனக்குக் கலியாணம் ஒன்றும் இல்லை. மெசினும் காயக்கூடாது.

வருகிற சனிக்கிழமை மடிக்கொம்பியூட்டரோடு குருநகருக்கு வருகிறேன். அவர்களுக்குச் சொல்லி வை. நேரே பார்க்காமல் இனி ஒரு முகத்திலும் நான் கை வைக்கமாட்டேன்.

ஆனால் முதலில் உன் வீட்டுக்கு வருவேன். கதவைத் திறப்பதும் விடுவதும் உன் விருப்பம். முந்தாநாள் ராத்திரி அந்த 2019ஆம் ஆண்டுப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதை உன்னுடைய உண்மையான நிறத்துக்குத் திருப்பிவிடலாம் என்று இருந்தேன். கையை வைத்தபிறகுதான் தெரிந்தது. உன்னோடு நூறு கலியாணவீட்டில் நின்றிருக்கிறேன், ஒரே கோப்பையில் சோறு தின்றிருக்கிறேன், உன் நிறம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

கோபிகா